ஊதியத்தை வகுப்பவர் யார்?



நகராட்சி மன்ற உறுப்பினர் மாதந்தோறும் பெறும் தொகையை நம் மாநில அரசினர் 'சம்பளம்' என்று சொல்வதில்லை. 'மதிப்பூதியம்' என்றே வழங்குகின்றனர். சம்பளம் என்பது வேலைக்கு ஈடாகக் கொடுப்பது. மதிப்பூதியமோ, 'உங்கள் உழைப்புக்கு விலை வைக்க எங்களால் இயலாது. மரியாதையின் பொருட்டு இதனைப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக் கொடுப்பது போன்றது. சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்தச் சொல்லுக்குப் பின்னே ஒரு பழைய வழக்கு நிற்கிறது. மக்கள் தெரிந்தெடுத்தவருக்குப் பணம் கொடுக்கலாமா, கொடுப்பதாயின் எவ்வளவு, அந்த அளவை வகுப்பவர் யார் என்பதே அவ்வழக்கு. மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வியே கடினமானது என்பது என் எண்ணம். அதைப் பற்றியே இன்று மிகுதியும் பேச விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2023 ஜூலை மாதம் முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சி மன்றத்தினர்க்கு மாதந்தோறும் மதிப்பூதியம் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. மாநகராட்சி மேயருக்கு 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, உறுப்பினர்க்கு 10,000. நகராட்சியில் தலைவருக்கு 15,000, துணைத் தலைவருக்கு 10,000, உறுப்பினர்க்கு 5,000. பேரூராட்சியில் முறையே 10,000, 5,000, 2,500. அதற்கு முன்பு உறுப்பினர்க்குக் கிடைத்தது, கூட்டத்திற்கு வந்து அமர்ந்தமைக்கான அமர்வுப்படி மட்டுமே.

எங்கள் கெடார் ஓர் ஊராட்சி. எங்களுக்கு அண்மையிலுள்ள நகராட்சி விழுப்புரம். 2022-இல் தேர்தல் நடந்தபோது அதற்கு 42 வார்டுகள். தலைவரும் துணைத் தலைவரும் அந்த 42 பேரிலிருந்தே தெரிவு செய்யப்படுபவர்கள். எனவே தலைவருக்கு 15,000, துணைத் தலைவருக்கு 10,000, ஏனைய 40 பேருக்குத் தலைக்கு 5,000 வீதம் 2,00,000. ஆக மாதம் 2,25,000 ரூபாய், ஆண்டுக்கு 27,00,000 ரூபாய். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகரின் மக்கள்தொகை 96,000-க்குச் சற்று அதிகம். வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஆண்டொன்றுக்கு 28 ரூபாய் வருகிறது. இரண்டு குவளைத் தேநீரின் விலை!

அதையே மறுபுறத்திலிருந்தும் பாருங்கள். மாதம் 5,000 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 166 ரூபாய். மதிப்பூதியம் தொடங்கிய 2023-24-ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வகுக்கப்பட்டிருந்த நாட்கூலி 294 ரூபாய். ஏரிக்கரையில் மண் வெட்டியவருக்கு விதிக்கப்பட்ட கூலி, நகராட்சி மன்றத்தில் அமர்ந்தவரின் நாட்பங்கைவிட அதிகம். இதில் இழிவு ஒன்றுமில்லை; மண் வெட்டுவதும் மன்றத்தில் அமர்வதும் இரண்டும் ஊர்ப்பணிதான். ஆனால் 'கவுன்சிலர்கள் மக்கள் பணத்தை அள்ளுகிறார்கள்' என்று தேநீர்க் கடையில் பேசுவோர், சட்டப்படி கிடைக்கும் தொகை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. சட்டத்திற்குப் புறம்பாக அள்ளுவது வேறு செய்தி. அதற்கு மதிப்பூதியத்தைக் குறை கூறிப் பயனில்லை.

'பொதுத் தொண்டுக்குக் கூலியா?' என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நேர்மை உண்டு. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார், நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். எளிமைக்கும் கண்டிப்புக்கும் அவரைப் போல் ஒருவரைக் காண்பது அரிது என்று எங்கள் பக்கத்து முதியவர்கள் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். அவரைப் போன்றோரை நினைத்துக்கொண்டுதான் நம் பெரியவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஆனால் அவர் நிலபுலம் உடைய வேளாண் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். நிலமும் இல்லை, நேர்மை மட்டும் உண்டு என்று ஒருவர் வந்து நின்றால் அவருக்கு மன்றத்தில் இடம் உண்டா?

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலை முறைக்கு வகுத்த விதிகள் அங்கே கோயிற் சுவரில் வெட்டப்பட்டன. வாரியத்தில் அமர்பவர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராக இருத்தல் வேண்டும். முன்னே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் இடம்பெறலாகாது. இவற்றையெல்லாம் நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே விதிகளில், இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும் என்பனவும் உள்ளன. கற்றவர்க்கு நில அளவில் சிறிது விலக்கு உண்டே தவிர, நிலமே இல்லாதவர்க்கு அங்கே இடமில்லை. உழுதவர் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திராது.

இங்கிலாந்திலும் நெடுங்காலம் இதே கதைதான். அந்நாட்டுத் தொழிலாளர்கள் 1838-இல் வெளியிட்ட மக்கள் சாசனத்தில் ஆறு கோரிக்கைகள் இருந்தன. பாராளுமன்ற உறுப்பினர்க்கு ஊதியம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 73 ஆண்டுகள் கழித்து, 1911-இல்தான் அது நிறைவேறியது. ஆண்டுக்கு 400 பவுன். சுரங்கத் தொழிலாளியும் நெசவாலைத் தொழிலாளியும் பிறர் தயவின்றிப் பாராளுமன்றத்தில் அமர்வதற்கு அந்த 400 பவுன் வழி திறந்தது.

நம் நாட்டில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தங்கள், உள்ளாட்சி மன்றங்களில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் மகளிர்க்கும் இடங்களை ஒதுக்கின. தமிழ்நாட்டில் மகளிர்க்கான பங்கு 2016-இல் பாதியாக உயர்த்தப்பட்டது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பெண் ஒருத்தி, பின்னாளில் ஊராட்சி வார்டு உறுப்பினர் ஆனாள். கூலி வேலைதான் அவளுக்குப் பிழைப்பு. ஒருநாள் என்னை வழியில் கண்டு, "ஐயா, கூட்டத்துக்குப் போனா அன்னிக்குக் கூலி போவுது. போவலன்னா என்னத்துக்கு ஓட்டுப் போட்டோம்னு ஊரு கேக்குது. நீங்களே சொல்லுங்க" என்றாள். அந்நாளில் ஊராட்சி உறுப்பினரின் அமர்வுப்படி ஒரு நாட்கூலிக்கு எட்டாத தொகை. 2022-இல் அது பன்மடங்காக உயர்த்தப்பட்டது; அதற்குள் அவள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. ஒதுக்கீடு அவளுக்கு நாற்காலியைக் கொடுத்தது. அந்த நாற்காலியில் அமர ஒரு பகற்பொழுதை அவளால் விலை கொடுத்து வாங்க முடியவில்லை. அவள் வராத கூட்டங்களில் அவளுடைய தெருவுக்காகப் பேசியவர் யார் என்று நான் கேட்கவில்லை. விடை எனக்கே தெரியும்.

எனவே கொடுத்தல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இனிக் கடினமான கேள்விக்கு வருவோம். அளவை வகுப்பவர் யார்?

எளிதான வழி, பெறுபவரே வகுத்துக்கொள்வது. நம் அரசியலமைப்பின் 106-ஆவது பிரிவு, பாராளுமன்ற உறுப்பினரின் சம்பளத்தைப் பாராளுமன்றமே சட்டத்தால் வகுக்கலாம் என்கிறது. 195-ஆவது பிரிவு சட்டமன்றத்தினர்க்கும் அவ்வாறே. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாராளுமன்ற உறுப்பினரின் சம்பளம் மாதம் 400 ரூபாய். அதன்பின் பலமுறை அவர்களே கைதூக்கி உயர்த்திக்கொண்டார்கள். 2018-இல் 1,00,000 ரூபாயாக்கியபோது ஒரு நல்ல மாறுதலும் செய்தனர். இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பின்பற்றித் தொகை தானே உயரும் என்று விதித்தனர். அதன்படி 1,24,000 ரூபாய் என்று 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2023 ஏப்ரல் முதலே கணக்கிட்டு! தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினரின் மாத வருவாய் 2017-இல் 55,000-இலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. அது மிகையா என்பதன்று என் கேள்வி. கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரேயானால் 'போதும்' என்று சொல்ல ஆள் வேண்டுமல்லவா?

ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க நாட்டில் ஓர் ஊர் உண்டு. கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய 'பெல்' என்னும் சிறு நகரம் அது. மக்கள் 35,000 பேர் அளவில். பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்கும் ஏழைகள். அந்த மாநிலத்தில் சிறு நகரங்களின் மன்றத்தினர் எவ்வளவு பெறலாம் என்பதற்கு மாநிலச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. ஆனால் தனக்கென ஒரு சாசனம் வகுத்துக்கொண்ட நகரத்திற்கு அந்த வரம்பு இல்லை. 2005-இல் பெல் நகர மன்றம், 'நமக்கும் தனிச் சாசனம் வேண்டும்' என்று ஒரு சிறப்பு வாக்கெடுப்பு நடத்தியது. வந்து வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு! சாசனம் நிறைவேறியது. அதன்பின் யாரும் கவனிக்கவில்லை. 2010-இல் 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நாளிதழ் கணக்கைத் தோண்டி எடுத்தபோது, பகுதி நேரப் பணியான மன்ற உறுப்பினர் பதவிக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு நெருங்கிய தொகை எடுக்கப்பட்டிருந்தது. நகர நிர்வாகி எடுத்தது ஏறக்குறைய 8,00,000 டாலர்; நாட்டின் குடியரசுத் தலைவர் பெறும் 4,00,000 டாலரின் இரு மடங்கு. மன்றத்தினர் எப்படி எடுத்தார்கள் தெரியுமா? வெவ்வேறு பெயர்களில் பல வாரியங்களை அமைத்தார்கள். எல்லாவற்றிலும் அவர்களே உறுப்பினர்கள். சில நிமிடங்களில் கூடிக் கலைந்தார்கள். சில வேளை கூடவே இல்லை. ஒவ்வொரு வாரியத்திற்கும் தனித்தனிப் பணம். 2013-இல் முன்னாள் மன்றத்தினர் ஐவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2014-இல் நிர்வாகிக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை.

செய்தியை வெளிக்கொணர்ந்த இதழுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. எனக்கோ அந்த 400 வாக்குகளே திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகின்றன. வாக்கெடுப்பு வெளிப்படையாகத்தான் நடந்தது. ஊரார் வீட்டில் இருந்தார்கள்.

எங்கள் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்றோர் ஊர் உண்டு. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அங்கே 340 மாணாக்கர் பயின்ற கல்லூரி ஒன்று இருந்தது. எந்தப் பாடம் சொல்லும் ஆசிரியர்க்கு நாளொன்றுக்கு எவ்வளவு நெல், எந்த மாணாக்கனுக்கு எவ்வளவு நெல் என்று அளவு குறித்து அங்குள்ள கோயிற் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். ஆசிரியனாக இருந்தவன் என்பதால் அதை நான் சற்று ஆசையோடு படித்ததுண்டு. ஊர் வந்து போகும் இடத்தில் ஊதியம் எழுதியிருந்தால், வாரியத்திற்கு வாரியம் பெயர் மாற்றி நெல் அளந்துகொள்வது எளிதாக இராது.

பெறுபவரே வகுப்பதாயினும் அதற்கு ஒரு கடிவாளம் போடலாம் என்று முன்னமே நினைத்தவர்கள் உண்டு. அது மாணவர்களாகிய உங்களுக்கு மிகவும் உவப்பான கதை. அமெரிக்க அரசியலமைப்பு பிறந்த புதிதில், 1789-இல், ஜேம்ஸ் மாடிசன் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். சட்டமன்றத்தினர் தம் ஊதியத்தை மாற்றிக்கொள்ளலாம்; ஆனால் இடையில் ஒரு தேர்தல் நடந்து முடிந்த பிறகே அம்மாற்றம் நடைமுறைக்கு வரும் என்பது அதன் சாரம். உயர்த்துபவர் ஒருவர், பெறுபவர் வேறொருவராகவும் இருக்கலாம். மீண்டும் அவரே வந்தால், மக்கள் அறிந்தே அனுப்பினார்கள் என்று பொருள். நல்ல யோசனை, ஆனால் அன்று போதுமான மாநிலங்கள் ஒப்பவில்லை, திருத்தம் உறங்கிவிட்டது. 1873-இல் அந்நாட்டுப் பேரவையினர் தம் ஊதியத்தை 5,000 டாலரிலிருந்து 7,500 டாலராக உயர்த்தி, அதையும் முன்தேதியிட்டு இரண்டாண்டு நிலுவையோடு எடுத்துக்கொண்டார்கள். நாடு கொதித்தது, மறு ஆண்டே சட்டத்தை நீக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோபத்தில் ஒஹையோ மாநிலம் மட்டும் பழைய திருத்தத்தை நினைவுகூர்ந்து ஒப்புதல் அளித்தது. பிறகு மீண்டும் உறக்கம்.

1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிரிகோரி வாட்சன் என்னும் மாணவர், வகுப்புக் கட்டுரைக்குப் பொருள் தேடுகையில் இந்தத் திருத்தத்தைக் கண்டார். இதற்குக் கால வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை, ஆகவே இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, இப்போதும் மாநிலங்கள் ஒப்பலாம் என்று கட்டுரை எழுதினார். அதற்குக் கிடைத்த மதிப்பீடு 'சி'. அவர் சோர்ந்துவிடவில்லை. மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1983-இல் மெய்ன் மாநிலம் ஒப்பியது. அடுத்தடுத்துப் பல மாநிலங்கள் ஒப்பின. 1992 மே மாதத்தில் தேவையான எண்ணிக்கை நிறைந்து, அது அமெரிக்க அரசியலமைப்பின் இருபத்தேழாவது திருத்தமாயிற்று. முன்மொழிந்து 202 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2017-இல் அந்தப் பல்கலைக்கழகம் அவருடைய மதிப்பீட்டை 'ஏ' என்று திருத்திக் கொடுத்தது. விடைத்தாள் திருத்தும் தொழிலில் இருப்போர் அனைவரும் ஆண்டுக்கொருமுறை இக்கதையைப் படித்தல் நன்று.

மற்றொரு வழி, வெளியாரை வைத்து வகுப்பது. இங்கிலாந்தில் 2009-இல் பாராளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்கு ஊழல் வெடித்ததன் பயனாகத் தனி ஆணையம் ஒன்று அமைந்தது. 2011 முதல் ஊதியத்தையும் அதுவே வகுக்கிறது. 2015-இல் அது 74,000 பவுனாக உயர்த்தியபோது கட்சித் தலைவர்களே 'இப்போது வேண்டாம்' என்றார்கள், ஆணையம் கேட்கவில்லை. நியூயார்க் நகரில் நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு குழு ஆராய்ந்து பரிந்துரைக்கும் முறை இருக்கிறது. அது பரிந்துரை மட்டுமே. 2015-இல் குழு 1,38,315 டாலர் என்றது. மன்றம் 1,48,500 டாலர் என்று தானே கூட்டிக்கொண்டது. வெளி வருமானத்தையும் தனிப்படிகளையும் விட்டுவிடுகிறோமே என்பது அவர்கள் சொன்ன காரணம். ஓரளவு நியாயம்தான். ஆயினும் கடைசிக் கையெழுத்து எவர் கையில் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது.

இனி நம் முறையைப் பாருங்கள். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ நகராட்சி மன்றம் தன் மதிப்பூதியத்தைத் தானே உயர்த்திக்கொள்ள முடியாது. சென்னையில் மாநில அரசு ஆணையிடுதல் வேண்டும். பெல் நகரத்தின் நோய் இங்கே வர வழியில்லை. இது பெரிய நன்மை. ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. அரசு நினைத்தால் உயரும். மறந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். உயர்த்தும்போதும் ஏன் 5,000, ஏன் 6,000 இல்லை, எந்தக் கணக்கின்மேல் என்று எவரும் சொல்ல வேண்டிய கடமை இல்லை. கொடை போல வருவது கொடை போலவே நிற்கும். மக்கள் தெரிந்தெடுத்த மன்றம், தனக்கு மேலுள்ள அரசிடம் தன் உறுப்பினரின் கைச்செலவுக்கு ஒவ்வொரு முறையும் மனுக்கொடுத்து நிற்பது தன்னாட்சி என்ற சொல்லுக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்குப் புதிதாக ஓர் ஆணையம் தேட வேண்டுவதில்லை என்பது என் கருத்து. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைய வேண்டும் என்று அரசியலமைப்பே விதித்திருக்கிறது. மாநில வருவாயில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்வது அதன் தொழில். மன்றத்தினர் மதிப்பூதியத்தையும் அதனிடமே ஒப்படைக்கலாம். அவ்வாண்டின் நாட்கூலியோடு ஒப்பிட்டு, காரணம் எழுதி, ஒரு தொகை சொல்லட்டும். அது அடுத்து வரும் உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் நடைமுறைக்கு வரட்டும். வேட்புமனுக் கொடுக்கிறவளுக்கு, வென்றால் தன் வீட்டு அடுப்பு எரியுமா என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும். வாக்களிப்பவருக்கும் தெரிந்திருக்கும்.

அதுவரையில் உங்களால் இயன்றது ஒன்றுண்டு. ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே வரவு செலவுக் கணக்கு வைக்கப்படும். வாக்காளராக இல்லாத மாணவர்க்கு அங்கே வாக்கு இல்லை. ஆனால் பெற்றோருடன் சென்று ஓரமாக நின்று கேட்க எவரும் தடை சொல்லப்போவதில்லை. செலவுப் பக்கத்தில் மதிப்பூதியம், அமர்வுப்படி என்று ஒரு வரி வரும். அது எந்த ஆணைப்படி, எந்தத் தேதியிலிருந்து என்பதை உங்கள் தந்தையாரையோ தாயாரையோ எழுந்து கேட்கச் சொல்லுங்கள்.